நாற்பதாவது நிமிடத்தில் நின்றுபோன கம்ப்யூட்டர்

அத்தை பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டருக்கு ஆயுள் நாற்பது நிமிடம். அது முடிந்ததும் திரை நீலமாகும், வெள்ளை எழுத்தில் யாரிடமோ எதையோ முறையிடும், அப்படியே உறைந்துபோகும். நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் முகம் சுருங்கும் அந்த நேரத்தில் எனக்கு மட்டும் அந்த நீலம் அழகாகத் தெரிந்தது. வெளியே சொல்லவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். காந்திபுரத்துக் கடைகளில் ஏறி இறங்கி, ஒரு வாரம் போர்டு, மறுவாரம் ரேம் என்று வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து, கூடத்து மூலையில் ஒவ்வொன்றாகப் பூட்டினாள். இரண்டு வருடமாகக் கல்யாணம் வேண்டாம், முன்னறையைக் கொடுங்கள், கம்ப்யூட்டர் பூட்டி விற்கிறேன் என்பதே அவளுடைய பேச்சு.

அப்பா வீட்டையொட்டியே மோட்டார்ப் பட்டறை வைத்திருந்தார். கிணற்று மோட்டாரைப் பழுது பார்த்தால் சும்மா சுற்றவிட்டுக் காட்டி அனுப்புகிற ஆள் இல்லை. தண்ணீர் இழுக்கவைத்து, முழுச்சுமை கொடுத்து, ஒரு பகல் ஓடிய பிறகுதான் வண்டியில் ஏற்றுவார். தங்கைக்கும் அதே சட்டம்தான்.

"லோடு குடுத்து ஒரு பகல் ஓட்டிக் காட்டு அம்மணி. நிக்காம ஓடுச்சுன்னா முன்னறை உனக்கு. உடுமலைக்காரங்களுக்கு நானே வேண்டாம்னு சொல்லிப்போடறேன். நடுவுல படுத்துருச்சுன்னா பேசாம கழுத்த நீட்டோணும்."

"சேரீங்ணா" என்றாள் அத்தை. உடுமலைப்பேட்டைக்காரர்கள் தென்னந்தோப்புக் குடும்பம். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்க்க வர நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் அத்தை கட்சி. அவள் போய்விட்டால் எனக்கு ரெட்டைச் சடை பின்ன ஆளில்லை. அம்மா பின்னினால் ஒன்று காதுக்கு மேலும் ஒன்று தோளுக்குக் கீழும் நிற்கும். பள்ளிக்கூடத்தில் தராசு என்று கூப்பிடுவார்கள்.

ஓயாமல் கணக்குப் போடவைக்கிற ஒரு புரோகிராமை அத்தை சிநேகிதியிடம் சீடியில் வாங்கிவந்தாள். அதுதான் லோடு. திரையில் எண்கள் மேலே மேலே ஏறும், பெட்டி உறுமும், நாற்பதாவது நிமிடம் நீலம். ரேமைக் கழற்றி அதன் பல்வரிசையை என் ரப்பரால் தேய்த்தாள். நீலம். பவர் சப்ளையை மாற்றினாள். நீலம். தான் கிரைண்டர் போடுவதால்தான் நிற்கிறதோ என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்து மாவு ஆட்டுவதை நிறுத்த, மூன்று நாள் ரவை உப்புமா தின்றோம். அப்போதும் நீலம். அப்பா பக்கத்திலேயே வரவில்லை. பரீட்சை வைத்தவர் பதில் சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு எதுவும் பிடிபடவில்லை. மூளை இல்லாத ஒரு பெட்டி நாற்பது நிமிடத்தை எப்படி எண்ணுகிறது?

இதற்கு நடுவில் உடுமலைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, கஞ்சி போட்ட சட்டைக்குள் பாதி காணாமல்போனவராக இருந்தார். காபி கொண்டுவந்த அத்தையைப் பார்க்காமல் கூடத்து மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அது நீங்களே பூட்டுனதுங்களா?"

அவருடைய அம்மா முழங்கையால் இடித்தார். அத்தை முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"ஆமாங்க. ஆனா லோடு குடுத்தா நாப்பதே நிமிசத்துல படுத்துக்குதுங்க."

"ஒவ்வொருக்காவும் அதே நேரத்துக்குன்னா சூடாத்தான் இருக்கோணுமுங்க. காத்து வருதுங்களா?"

"பெட்டிக்குள்ள ஃபேன் நல்லா சுத்துதுங்க."

"சுத்தட்டுமுங்க. வெளிய வருதான்னு கை வெச்சுப் பாத்தீங்களா?"

அத்தை சிரித்தாள். மிக்சர் தட்டுக்கு மேலாக இருவரும் அதற்குப் பிறகும் என்னவோ பேசினார்கள். பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் கிளம்பிப் போனதும் எப்படி என்று அம்மா கேட்க, "அதெல்லாம் எனக்கென்ன தெரியும்" என்று அத்தை தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு வருடம் வேண்டாம் என்ற வாய், வேறு என்ன சொல்லும்.

எங்கள் வீட்டில் புதிதாக வந்த எதையும் உரிக்கமாட்டோம். உரித்தால் அன்றைக்கே பழசாகிவிடும் என்பது அம்மாவின் கொள்கை. ஃபிரிட்ஜ் கதவு, ஸ்கூட்டர் சீட், டி.வி. ரிமோட், எல்லாம் பிளாஸ்டிக் தாளுக்குள்ளேயே எங்களோடு குடித்தனம் செய்தன. கம்ப்யூட்டர்ப் பெட்டியும் அப்படித்தான், ஒட்டிய கண்ணாடித் தாளோடு மூலையில் நின்றது.

மறுநாள் அத்தை அதைச் சுவரிலிருந்து திருப்பி, முதுகில் கை வைத்தாள். காற்று இல்லை. காற்றோட்டத் துளைகளின் மேல், இருப்பதே தெரியாமல், தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் ஒரு முனையைக் கிளப்பினாள். கொதிக்கிற காற்று புஸ்ஸென்று என் கன்னத்தில் அடித்தது. நான் கைதட்டப் போனேன். அத்தை அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்ப ஒட்டி, சுருக்கம் விழாமல் கட்டைவிரலால் நீவிவிட்டாள்.

"புதுசு கண்ணு. உரிக்கக் கூடாது. யாருகிட்டயும் சொல்லிப்போடாதே."

எனக்கு அத்தையை நினைத்துப் பாவமாக இருந்தது. இவ்வளவு படித்தும் அம்மாவுக்குப் பயப்படுகிறாளே.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா கொடுத்திருந்த கடைசித் தவணை. ஒன்பது மணிக்கு அத்தை கணக்கை ஓடவிட்டாள். பிறகு அங்கே நிற்கக்கூட இல்லை, எண்ணெய் வைத்துத் தலைக்குக் குளிக்கப் போய்விட்டாள். குளியலறையிலிருந்து பாட்டு வந்தது. நான் மூலைக்குள் நுழைந்து அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் உரித்தேன். பெட்டி பெருமூச்சு விட்டது.

ஈரத் துண்டோடு அத்தை வந்தபோது ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது. எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அப்பா பட்டறையைப் பாதியில் விட்டு வந்து, நாற்காலியை எதிரே போட்டுக்கொண்டு, கிரிக்கெட் பார்ப்பவர்போல உட்கார்ந்துவிட்டார். மதியச் சோறும் அங்கேதான். அத்தை நாலைந்து முறை வந்து எட்டிப் பார்த்தாள். கடைசியில் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"கண்ணு, பின்னால ஏதாச்சும் தொட்டியா?"

பாவாடைக்குள் சுருட்டி வைத்திருந்த தாளைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். அத்தை திட்டவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா எழுந்தார்.

"செயிச்சுப்போட்ட அம்மணி. மோட்டாருகூட இப்படி ஓடாது."

"அண்ணா, அவுங்களுக்கு இப்ப…" என்று அத்தை தொடங்கினாள்.

"நீ பயப்படாதே. சொன்னா சொன்னதுதான்." அப்போதே போனை எடுத்து, உடுமலைப்பேட்டைக்கு எத்தனை மரியாதையாக முடியுமோ அத்தனை மரியாதையாக, இப்போதைக்கு வேண்டாமுங்க என்றார். தங்கைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய சந்தோஷத்தில், போனை வைத்ததும் அம்மாவிடம் சர்க்கரை தூக்கலாக ஒரு காபி கேட்டார்.

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். "சந்தோசத்துல அழுவறா" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கினாள், வலித்தது. இவ்வளவு பெரிய நன்றியை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல், நாளைக்குச் சடை பின்னிவிடுவீர்கள்தானே என்று அவள் காதில் கேட்டேன்.