வெள்ளை பூசிய வெள்ளரி

பூட்டு அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கதவைப் பூட்டிவிட்டு நாலு தரம் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரமும் இழுப்பாள். அப்படிப்பட்டவள் கையில் வெள்ளரித் தோட்டம் கிடைத்தால் சும்மா இருப்பாளா?

போன வருஷம் சிவப்பு வண்டு வந்து இலையெல்லாம் சல்லடையாகிப் போனது. "இந்தத் தடவையும் போச்சுன்னா குத்தகை நிலத்தை விட்டுட்டு, உன் தம்பி இருக்கிற ஊருக்கு மில் வேலைக்குப் போயிடறேன்" என்றார் கணவர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகச் சொன்னார். அதனால்தான் போயே விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

இந்த முறை விதைக்கடைக்காரர் விஷ மருந்து தரவில்லை. முகப்பவுடர் மாதிரி மெல்லிய வெள்ளைக் களிமண் தூள் தந்தார்.

"தண்ணியில கலக்கி, வண்டு வர்றதுக்கு முன்னாடியே இலையோட ரெண்டு பக்கமும் அடிங்கம்மா. இது கொல்லாது. மண்ணு ஒட்டியிருந்தா வண்டுக்கு அதுல உட்காரப் பிடிக்காது, அவ்வளவுதான். டேங்க்கை ஆட்டிக்கிட்டே அடிங்க, இல்லேன்னா மண்ணு அடியில தங்கிடும்."

ஆட்டி ஆட்டித் தோள் கழன்றதுதான் மிச்சம். தோட்டமே சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்தது. "வண்டுக்கு என்னவோ, எனக்கே பார்க்கப் பிடிக்கல" என்றார் கணவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மண் ஒட்டியிருக்கிறதா? காற்றில் உதிர்ந்துவிட்டதா? காலையும் சாயங்காலமும் வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தாள். வானம் லேசாகக் கறுத்தாலும் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் இலைகளில் ஓட்டை. வரிசை முழுக்க ஓட்டை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுங்க. எல்லாம் போச்சு."

கணவர் இலை இலையாகப் புரட்டினார். எல்லா ஓட்டையும் நுனிப் பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு. அவள் கையை வாங்கிக் கட்டைவிரலை ஓர் ஓட்டையின் மேல் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"ஒட்டியிருக்கான்னு தேய்ச்சுப் பார்த்தியா?"

"லேசாத்தான்."

"எத்தனை இலையில?"

அவள் வரிசையின் கடைசி வரை கையைக் காட்டினாள்.

"நீ துடைச்ச இடத்தைத்தான் தின்னிருக்கு. மத்த இடத்துல வாயே வைக்கல."

மண் வேலை செய்கிறது என்பது அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். தம்பிக்குத்தான் என்று தெரிந்ததும், மில் வேலைக்குக் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தாள்.

"மச்சான், நான் வரல. வெள்ளரியை வண்டுகிட்டேருந்து காப்பாத்தியாச்சு. இனிமே உங்க அக்காகிட்டேருந்து காப்பாத்தணும்."