அக்கா எண்ணிய ஒரு நிமிடம்

எங்கள் அக்கா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரிடமும் அக்காவைப் பற்றி ஒரு கதை இருக்கும். என்னிடம் இருப்பது என் மகளின் கதை.

திருச்செந்தூர் பக்கத்துப் பனங்காட்டு ஊர் ஒன்றில் பிறந்தவர் அக்கா. அப்பா காலமானபோது அவருக்குப் பதினெட்டு வயது. ஜவுளிக்கடையில் கால் கடுக்க நின்று தம்பியான என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். தன் கல்யாணப் பேச்சை எடுத்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். 2006-இல் இருவரும் வடக்கே, சென்னைப் பக்கம் வந்தோம். இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் அவருக்கு வேலை. இரண்டே வருடத்தில் கடைசிச் சோதனை மேசைக்கு உயர்ந்தார்.

அந்த மேசையில் குறையில்லாத மாதிரி ஒன்று எப்போதும் இருக்கும். வருகிற ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே அக்கா 'ஓகே' போடுவார். அவர் ஓகே போட்ட பெட்டி திரும்பி வந்ததே இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்தப் பழக்கம் கடைத்தெருவுக்கும் வந்தது. அக்கா தலை தெரிந்தாலே கத்தரிக்காய்க்காரர் முகம் சுண்டிவிடும்.

எனக்குக் கல்யாணமாகி ஒரகடத்தில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தபோது, 2011-இல் என் மகள் பிறந்தாள். இரண்டாம் மாதம், நாலு வாய் பால் குடிப்பதற்குள் களைத்து மூச்சு வாங்கினாள். நெற்றியெல்லாம் வியர்த்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சூடு என்று நினைத்தோம். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார்.

"கொயந்தைக்கு உரம் வுயுந்துகீது. பொடவையில போட்டு உருட்டுனா சரியாப்பூடும்," என்றார்.

கைக்குழந்தைக்கு விழும் சுளுக்கைத்தான் உரம் என்பார்கள். சேலையின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். உருட்டியதும் பிள்ளை அயர்ந்து தூங்கிவிட்டாள். குணமாகிவிட்டது என்று நானும் நிம்மதியாக ஷிப்டுக்குப் போனேன். அவ்வளவு கெட்டிக்காரத் தகப்பன்!

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஹாஸ்டலிலிருந்து அக்கா வந்தார். தூங்கும் பிள்ளையின் சட்டையை விலக்கினார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். உடனே கீழ் வீட்டுக்கு இறங்கிப் போனார். அங்கேயும் இரண்டு மாதக் குழந்தை ஒன்று உண்டு. அது தூங்கும்வரை காத்திருந்து, அதன் மூச்சையும் எண்ணிவிட்டுத் திரும்பினார்.

"ஏல, அந்தப் பிள்ளைக்கு நாப்பது. நம்ம பிள்ளைக்கு எழுவது. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எம் பிள்ள என்ன ஒங்க கம்பெனி சரக்கா? பக்கத்துல வச்சி ஒப்பு பாக்கே?"

"வயருக்கே ரெண்டு தடவ பாக்கோம். பிள்ளைக்குப் பாக்கக் கூடாதோ?"

அரசு மருத்துவமனையில் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டதுமே எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை. அதன் வழியாக அளவுக்கு மேல் ரத்தம் நுரையீரலில் போய்ச் சேர்வதால்தான் மூச்சு வேகமாக ஓடுகிறது, பால் குடிப்பதே அவளுக்கு மாடிப்படி ஏறுகிற வேலை, அதனால்தான் வியர்வை என்று விளக்கினார். என் மனைவி அழுதுகொண்டே கேட்டாள்: "கிரகணத்தன்னைக்கு வெளிய போனேன் டாக்டர், அதனாலயா?"

"இல்லம்மா. வயித்துல இதயம் உருவாகும்போதே சுவர் முழுசா மூடல. நீங்க எந்தத் தப்பும் செய்யல."

அந்த ஒரு வாக்கியத்தை ஊரில் இருந்த அத்தனை சொந்தத்துக்கும் அக்காவே போன் போட்டுச் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு எடை கூட வேண்டும். வேளை தவறாமல் மருந்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பால். இதற்காகவே ஷிப்ட் மாற்றிக்கொண்டு எங்களோடு வந்து தங்கினார். ஆறாம் மாதம் ஓட்டையை அடைத்தார்கள். தையல் ஆறி வீடு திரும்பிய அன்று மறுபடியும் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஓகே," என்றார் அக்கா. அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

அதன் பிறகு எங்கள் தெருவில் அவர் பெயர் 'வாட்ச் அக்கா'. பால் குடிக்கையில் வியர்த்தால், மூச்சுக்கு நிறுத்தி நிறுத்திக் குடித்தால், எடை ஏறாவிட்டால், உதடு நீலம் பாரித்தால் டாக்டரிடம் போங்கள் என்று தாய்மாரிடம் சொல்லாத நாளில்லை. பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் சளிதான். "இன்னாம்மா, வாட்ச்ச எடுத்துகினு கெளம்பிட்டியா?" என்று வீட்டுக்கார அம்மா கிண்டல் செய்வார். தன் மகள் பிள்ளை பால் குடிக்காதபோது அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நீ பாத்து சொல்லும்மா, அப்பால உரம் எடுக்கலாமா வாணாமான்னு பாக்கலாம்," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புற்றுநோய் வந்து படுத்த கடைசி நாட்களிலும் அக்கா மனம் தளரவில்லை. என் மகள் அந்தக் கடிகாரத்தை வாங்கி, அத்தையின் மூச்சை எண்ணுவாள். அவளுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். இருபது வந்ததும் "ஓகே" என்று சொல்லிவிடுவாள். அக்காவும் தலையாட்டுவார்.

சிகிச்சையளித்த மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழர்கள், தாயாக நின்ற வீட்டுக்கார அம்மா, தன் குழந்தையின் மூச்சை எண்ண விட்ட கீழ் வீட்டுச் சகோதரி அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. எல்.கே.ஜி. ஓட்டப்பந்தயத்தில் என் மகள் மூன்றாவதாக வந்தாள் என்பதையும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அக்காவின் படத்துக்கு மாலை வேண்டாம். பிள்ளை தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள்.