ஆறு மாதப் பால்

தட்டச்சர் என்று சொன்னால் நீதிமன்ற வட்டாரத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். பதினேழு வயதில் தட்டச்சு பழகி இருபத்து நான்கில் வேலைக்குச் சேர்ந்தவள். சாட்சி அழுதுகொண்டே சொன்னாலும், இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் கத்தினாலும், ஒரு சொல் விடாமல் அடித்துவிடுவாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் அடித்த தாள்களில் நீதிபதி திருத்தப் பேனா வைத்தது இரண்டே இடத்தில்தான் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், கொஞ்சம் வாயாடி.

கல்யாணம் அவளுடைய முப்பத்தொன்றாவது வயதில். முதல் இரண்டு கர்ப்பமும் தங்கவில்லை. மூன்றாவது எட்டு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. பெண், ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்ததைப் பார்த்துவிட்டு அப்பன்காரர் ‘சுண்டெலி’ என்றார். அதுவே பேராக நின்றுவிட்டது.

குழந்தைக்கு ஐந்து வாரம் ஆனபோது நான் அந்த வீட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனேன். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை, ஞாயிறு கிடையாது என்று பேச்சு. மூக்குக்குழாயில் பால் குடித்து, பிறகு பாட்டிலில் குடித்துப் பழகிய குழந்தை அது. எடை இரண்டு கிலோவைத் தொடவில்லை. தட்டச்சர் மார்பில் போட்டால் வில்லாக வளைந்து, முகம் கறுக்கக் கத்தும். வாய் சின்னது, உறிஞ்சத் தெம்பும் இல்லை. அவளோ ஒவ்வொரு வேளையும் முக்கால் மணி நேரம் போராடுவாள். கடைசியில் தாயும் பிள்ளையும் வியர்த்து ஓய்ந்து போவார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். குழந்தை ஒரு தடவையாவது அவளிடம் வாய் வைத்துக் குடித்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தூங்க வேண்டும். அதை முதல் நாளே என்னிடம் சொன்னாள்.

மருத்துவர் எடையைத்தான் பார்த்தார். நானும் எடையைத்தான் பார்த்தேன். வார்டில் இருபது வருடம் வேலை பார்த்தவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

“இங்க பாரும்மா. இந்தக் குஸ்தி இப்ப வேணாம். நீ பம்ப்ல எடு, நான் பாட்டில்ல குடுக்கறேன். முதல்ல நாலு கிலோ ஏறட்டும். மார்ல போடறத அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

ஒரு தாளில் எட்டு நேரம் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். பம்ப் வேலையைப் பார்க்காதவர்களுக்கு அது எவ்வளவு நேரம் தின்னும் என்று தெரியாது. இரண்டு புனலையும் மார்பில் பொருத்தி இருபது நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். பிறகு பாலை அளந்து, தேதியும் மணியும் எழுதி, குளிரில் வைக்க வேண்டும். புனல், குழாய், மூடி என்று பதினொரு சாமான்களைக் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு எட்டு முறை. இதே ஆள் பிள்ளைக்கும் பாட்டில் பிடித்தால் தூங்க நேரமே இருக்காது, ரெண்டையும் பண்ண முடியாது என்று அவளிடமும் சொன்னேன். அதனால் அவள் உள்ளறையில் பால் எடுக்கும்போதே கூடத்தில் நான் முந்தைய வேளைப் பாலைக் கொடுத்துவிடுவேன். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதை அவள் வீட்டுக்காரர் செய்வார். வார்டு முறைப்படி பிசிறில்லாத ஏற்பாடு என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் நாலு நாள் செய்துவிட்டு ஐந்தாம் நாள் தூங்கிப் போயிருப்பாள், இல்லையென்றால் அழுது பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டிருப்பாள். இவள் தட்டச்சர். எழுதிக் கொடுத்ததை எழுதியபடி செய்கிறவள். ஆறு மாதத்தில் ஒரு வேளையைக்கூடத் தானாக விடவில்லை. காம்பு வெடித்து ரத்தம் கலந்து வந்த வாரத்திலும், பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் புனலைப் பொருத்தினாள்.

மாடியில் அவளுடைய நாத்தனார் குடியிருந்தாள். மாலையில் இறங்கி வந்து, “என்ன, கறந்தாச்சா?” என்று கேட்பாள். கெட்ட எண்ணம் இல்லை, வாய் அப்படி. ஒரு நாள் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தக்காளி வைக்க இடமில்லாமல் ஒரே பால் பண்ணையாக இருக்கிறதே என்றாள்.

“வேணும்னா ஒரு மனு எழுதிக் குடுங்க அண்ணி. பரிசீலனை பண்ணி ஒரு பாட்டில் தர்றேன்” என்றாள் தட்டச்சர், பாட்டில் மேல் மணியை எழுதிக்கொண்டே. நாத்தனார் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சொல்லி நான் கேட்ட வேடிக்கைப் பேச்சு அது ஒன்றுதான்.

குழந்தை தேறியது. மூன்றரை மாதத்தில் நாலு கிலோவைத் தாண்டியது. வாக்குக் கொடுத்தபடி மறுபடி மார்பில் போட்டுப் பார்த்தோம். பசிக்கு முன்னால், பாதி வயிறு நிறைந்த பின்னால், தூக்கக் கலக்கத்தில், ரப்பர் காம்பு வைத்து, வைக்காமல் என்று எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தாயிற்று. சுண்டெலி இப்போது அலறவில்லை. மார்பை ஏதோ புதுச் சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. நாக்கால் ஒரு தடவை தொட்டது. பிறகு கழுத்தைத் திருப்பி நான் எங்கே நிற்கிறேன் என்று தேடியது. பன்னிரண்டு நாள் பார்த்துவிட்டு விட்டோம். நான் சொன்ன ‘அப்புறம்’ அதோடு முடிந்தது. அவள் தாளில் எழுதியிருந்த அடுத்த நேரத்துக்குப் பம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலாம் மாத முடிவில் விடுப்பு தீர்ந்தது. நீதிமன்றத்தில் அவளுக்கென்று அறை ஏது? பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கிய ஆவண அறையில், தாழ்ப்பாள் விழாத கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து, அதிலேயே உட்கார்ந்து கைப் பம்பால் எடுப்பாள். ஆவணக்காப்பாளர் பெரிய மனிதர். வாசலில் நின்றுகொண்டு யார் வந்தாலும் கட்டு தேடுகிறோம், அரை மணி கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்புவாராம். ஆனால் சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் நீதிபதி எழுந்திருக்கும்வரை தட்டச்சர் எழுந்திருக்க முடியாது. ஒரு நாள் அப்படி மதியம் மூன்று மணிவரை உட்கார வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது இடது மார்பு கல்லாகக் கட்டி, உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வெந்நீர் ஒற்றடம் கொடுத்து நான் நீவிவிட்டேன். வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் மணியைத்தான் பார்த்தாள்.

காய்ச்சல் விட்ட பிறகு, பம்ப் சாமான்களைக் கழுவிக்கொண்டே இன்னொன்றைச் சொன்னாள். ஜீவனாம்ச வழக்கு ஒன்றில் ஒரு பெண் கைக்குழந்தையோடு சாட்சி சொல்ல வந்திருக்கிறாள். குழந்தை வீரிட்டு அழுதது. இவளுக்கு உடனே பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. ஒரு வழக்குக் கட்டை மார்போடு அணைத்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் அடித்தாளாம்.

“யாரு பெத்தது அழுதாலும் வருது நர்ஸம்மா. இந்த உடம்புக்கு ஆள் தெரியல” என்றாள்.

ஆள் தெரியும் சங்கதி, நான் வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிப்பட்டது. அன்றைக்கு நான் என் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டதால் வீட்டுக்காரர் ஓடிப் போயிருக்கிறார். நாத்தனார் குடும்பம் ஊரில் இல்லை. குழந்தை காலை ஏழு மணிக்குக் குடித்தது, அதன்பின் பாட்டிலைத் தொட மறுக்கிறது என்றாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. தொண்டை கட்டிப்போன அழுகை.

காய்ச்சல் இருக்கிறதா, ஒன்றுக்குப் போனதா என்று கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. “பாட்டில சூடு பண்ணு, வாயோரத்துல வெச்சுக் காத்திரு, அவசரப்படாத” என்றேன்.

“ரெண்டு மணி நேரமா அதத்தான் பண்றேன். என் மடியில குடிக்க மாட்டேங்கறா” என்றாள்.

பேருந்து பிடித்துப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. கதவு திறந்தேயிருந்தது. நாற்காலியில் அவள், கையில் பாட்டில், தரையில் இன்னும் இரண்டு பாட்டில்கள். பால் சுரந்து முன்பக்கம் முழுவதும் ஈரம். சுண்டெலி என் குரலைக் கேட்டதும் தேம்பிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டியது. கை கழுவிவிட்டு வாங்கினேன். என் முழங்கை மடிப்பில் தலையைப் பொருத்திக்கொண்டு பத்து நிமிடத்தில் பாட்டிலைக் காலி செய்தது. கண் என் முகத்தை விட்டு அகலவில்லை. குடித்து முடித்து அப்படியே தூங்கியது.

அவள் எதிரில் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள்.

“ஆறு மாசமா நான் யாருக்கு நர்ஸம்மா கறந்துக்கிட்டிருந்தேன்?”

என் மடிக்கு நான் பழக்கிய குழந்தை அது. சுத்தமாகக் கழுவிய பாட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளையை ஆறு மாதமாக நிறுத்தி வைத்தது நான் எழுதிய தாள். முதல் வாரமே நாளுக்கு இரண்டு வேளை அவள் மடியில் போட்டு அவள் கையால் பாட்டில் கொடுக்க வைத்திருக்கலாம். பால் ஒரு கரண்டி குறைந்திருக்கும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாத பாடமல்ல. கடிகாரத்தைப் பார்த்ததில் தாயைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தாள். நான் போனபோது குளிர்பெட்டிக் கதவில் தாள் இல்லை.

“இனிமே நான்தான் குடுப்பேன். நீங்க கழுவற வேலைய மட்டும் பாருங்க.”

“பம்ப் என்ன ஆகும்?”

“ரெண்டையும் பண்ண முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

குத்திச் சொல்லவில்லை. குறிப்பெடுத்ததைப் படித்துக் காட்டுவதுபோலச் சொன்னாள்.

ஒரு வேளைப் பாட்டிலுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. முகத்துக்கு முகம் வைத்தால் குழந்தை வாயைத் திறக்காது. முதுகைத் தன் வயிற்றில் சாய்த்து, முகம் வெளியே பார்க்கும்படி உட்கார வைத்தால் கொஞ்சம் குடிக்கும். அப்படியே கொடுத்தாள். தான் ஊட்டுகிறபோது தன் பிள்ளையின் உச்சந்தலையை மட்டும் பார்த்தாள். “கண்ணு தொறந்திருக்குதாங்க?” என்று வீட்டுக்காரரைக் கேட்பாள். அவரும் எதிரில் குந்திக்கொண்டு, இப்போது இமைக்கிறாள், இப்போது ஜன்னலைப் பார்க்கிறாள் என்று கிரிக்கெட் வர்ணனைபோலச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பம்ப் எட்டிலிருந்து நாலானது, நாலு இரண்டானது. பால் வற்றிக்கொண்டே வந்தது. ஒரு வேளைக்கு நூற்றைம்பது மில்லி கொடுத்த மார்பு ஐம்பது கொடுத்தது, பிறகு இருபது. மீதிக்கு நான் பவுடர் கலக்கினேன். வெந்தயமா, மாத்திரையா, எதையாவது கொடுத்துப் பால் வற்றாமல் வைக்க முடியாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். எடுக்காத பால் சுரக்காது, அதுதான் கணக்கு என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள். முன்னாலேயே சேர்த்து உறைய வைத்த பால் பைகளும் மூன்று வாரத்தில் தீர்ந்தன.

இதில் நான் பெரிய இடைஞ்சல். சமையலறையில் கரண்டி விழுந்தால்கூடக் குழந்தை பாட்டிலை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பும். பேசாமல் இருந்தேன், செருப்பில்லாமல் நடந்தேன். ஒரு புதன்கிழமை மதியம், கழுவிய பாட்டில்களை வைக்கக் கூடத்துக்கு வந்தவள் நினைவில்லாமல் அவர்களுக்கு எதிரில் போய் நின்றுவிட்டேன். குழந்தை முகம் வெளிப்பக்கம் இருந்ததல்லவா, என்னைப் பார்த்துவிட்டது. காம்பைத் துப்பிவிட்டு இரண்டு கையையும் நீட்டியது, சிரிப்பும் அழுகையுமாக. பின்னாலிருந்த அவளுக்குக் குழந்தையின் முகம் தெரியவில்லை. என் முகம் தெரிந்தது.

“நர்ஸம்மா” என்றாள். அவ்வளவுதான்.

நான் பாட்டில்களை மேசையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெரு முனைவரை அழுகை கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த மூன்று வாரமும் வீண். அதோடு அங்கே வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து நானே தொலைபேசியில் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் எடுத்து, எடை ஆறேகால் கிலோ என்றும் ஒரு பல் முளைத்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டு அவளிடம் கொடுத்தார்.

“என் பக்கம் திரும்பிக் குடிக்கறா நர்ஸம்மா. பத்து நாளாச்சு” என்றாள்.

“பால்?”

“நின்னுடுச்சு. போன மாசமே.” “நேத்து லீவ நீட்டிக்க கோர்ட்டுக்குப் போனேன். அங்க ஒரு குழந்தை அழுதுச்சு. ஒண்ணும் வரல.”

போகட்டும், பிள்ளை உன்னிடம் வந்துவிட்டதல்லவா என்றேன். ஆமாம் என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒரு நாள் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். வழக்கமான குரலில் பதில் சொன்னாள்.

“இப்ப வேணாம் நர்ஸம்மா. உங்கள அவ இன்னும் மறக்கல.”

சரிம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.