வெள்ளிக்கு மஞ்சள் அடித்த ஐரோப்பாத் திட்டம்

கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் எனக்கு வேலையே திட்டம் போடுவதுதான். பிளான்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கிற நாட்களில், எந்த வால்வை எவன் எத்தனை மணிக்குக் கழற்றணும், எத்தனை மணிக்கு மாட்டணும் என்று கட்டம் கட்டமாக எழுதித் தருகிறவன் நான். அதனால் ஐரோப்பா போவது என்று முடிவானதும், "ஏஜென்ட்கிட்ட போனா தோலை உரிச்சிருவான், நானே போடுதேன்" என்று மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சுற்றிப் பார்க்கிற ஆசை எனக்கு. என் மனைவிக்கு அது பேருக்குத்தான். அவளுடைய அக்கா, எனக்கு மதினி, பின்லாந்துப் பக்கம் ஒரு சின்னத் தீவில் நர்ஸ். அக்காளும் தங்கச்சியும் நேரில் பார்த்து எட்டு வருஷம். நாங்கள் திருநெல்வேலிக்குப் போனால் மதினிக்கு லீவு இருக்காது; மதினி வந்தால் எனக்கு ஷட்டவுன் டூட்டி. இந்தத் தடவை மதினிக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்றே நாள் லீவு கிடைத்திருந்தது. எங்களுக்கும் அதற்கு மேல் நாள் இல்லை. "வியன்னாவைப் பார்க்காட்டியும் பரவால்ல, அந்த மூணு நாள்ல ஒரு மணி நேரம் குறையக் கூடாது, பாத்துக்கோங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

நானும் பாத்துக்கொண்டேன். ஆலைக்குப் பக்கத்து ஊரான அல்கோரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை இரண்டு மாசம் சாப்பாட்டைக் கண்டதில்லை. தோஹாவிலிருந்து வியன்னாவுக்குச் செவ்வாய்க்கிழமை விமானம், அன்றைக்குத்தான் விலை குறைவு. வியன்னாவிலிருந்து பிராக், பிராக்கிலிருந்து பெர்லின் இரண்டும் ரயில். முன்கூட்டியே எடுத்தால் பாதி விலை. பெர்லினிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குச் சனிக்கிழமை மலிவு விமானம், ஆளுக்கு ஒரு சின்னப் பைதான் அனுமதி. பிறகு துறைமுகத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து தீவுக்கு இரண்டு மணி நேரக் கப்பல். கப்பல் டிக்கெட் அத்தனை சல்லிசு! மூன்று தடவை விலையைச் சரிபார்த்தேன், எங்கேயோ ஏமாற்றுகிறான் என்று. திட்டம் எழுதிய ஷீட்டில் வெள்ளிக்கிழமைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து 'கடையடைப்பு, கவனம்' என்றும் எழுதி வைத்தேன்.

சிரிக்காதீர்கள். பதினாறு வருஷம் கத்தாரில் இருந்து பாருங்கள். வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிறு விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் படித்த கிழமையெல்லாம் ரத்தத்திலிருந்து வடிந்துபோயிருக்கும்.

போன இடமெல்லாம் கொண்டாட்டம்தான். மலிவு விமானத்தில் எடை கூடக் கூடாது என்று என் மனைவி மூன்று சுடிதாரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள். அக்காளுக்கு என்று கட்டி வைத்த முறுக்கையும் சுண்டவத்தலையும் குறைக்க மாட்டாளாம். பிராக்கில் வியாழக்கிழமையே ரொட்டி, பழம், தயிர் எல்லாம் வாங்கி அறையில் அடுக்கினேன், மறுநாள் ஒரு கடையும் இருக்காதே. வெள்ளிக்கிழமை வெளியே வந்தால் ஊரே திருவிழா! அத்தனை கடையும் திறந்திருக்கிறது. "இங்க வெள்ளி லீவு இல்ல போல" என்று பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். பழத்தைத் தின்று தீர்க்க முடியாமல் இரண்டு பேரும் சிரித்தோம். அப்படியானால் லீவு என்றைக்கு என்று அடுத்த கேள்வி கேட்க என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை ஸ்டாக்ஹோமில் ஏழேகால் மணிக்கு பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ஏழரை பஸ், பத்து மணிக் கப்பல், பன்னிரண்டுக்கு மதினி வீடு. ஏழரை ஆச்சு, எட்டாச்சு, ஈ காக்கா இல்லை. அப்புறம்தான் அங்கே ஒட்டியிருந்த அட்டவணையை ஒழுங்காகப் பார்த்தேன். வேலை நாளுக்கு ஒரு பத்தி, லீவு நாளுக்கு ஒரு பத்தி. தோஹாவில் உட்கார்ந்துகொண்டு ஞாயிற்றுக்கு நான் பார்த்தது வேலை நாள் பத்தி! லீவு நாளில் முதல் பஸ்ஸே பன்னிரண்டு மணிக்கு. அடுத்த கப்பல் பிற்பகல் மூன்றுக்கு. மூன்று நாளில் முதல் நாள் போயே போச்சு.

என் மனைவி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அதில் போய்க் கோட்டை விட்டேனே.

மதினிக்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு பெஞ்சு வரைக்கும் கேட்டது. "ஞாயித்துக்கிழமை லீவுன்னு மறந்து போச்சா மாப்பிள்ளை? ஆனைக்கும் அடி சறுக்கும். நீங்க ஆனையில்ல, பிளானராச்சே!" என்றார். பிறகு, "அந்தப் பன்னிரண்டு மணி பஸ்ல ஏறி வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

பஸ் துறைமுகத்தில் நின்றபோது மணி இரண்டு. தீவிலிருந்து வந்த கப்பல் அப்போதுதான் கரை சேர்ந்திருந்தது. கரையில் மழைக்கோட்டுப் போட்டு ஒரு அம்மாள் இரண்டு கையையும் ஆட்டுகிறார். மதினி! தீவில் காத்திருக்காமல் அந்தக் கப்பலிலேயே ஏறி, கடலைத் தாண்டி வந்துவிட்டார். திரும்பிப் போகிற அதே கப்பலுக்குத் தனக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். "வீட்ல உக்காந்து வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதீங்களா? போற ரெண்டு மணி நேரம் எனக்கு மிச்சம்லா?" என்றார்.

என் மனைவி ஓடிய ஓட்டத்தில் நான் சுமந்த பைகளைக் கவனிக்க ஆளில்லை.

கப்பலின் மேல்தளத்தில் ஒரே காற்று. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. "ஏட்டி மூதி, இது என்ன தலை, காக்கா கூடு?" என்று மதினி அவளைப் பிடித்து முன்னால் உட்காரவைத்து, வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு முடியை அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தார். "வலிக்குக்கா, மெதுவா இழு" என்று இவள் சிணுங்கினாள். வீட்டில் என்னை அதட்டி மேய்க்கிறவள், சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபடி தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எட்டு வருஷமாக அவளைத் தங்கச்சியாக இருக்க விட யாருமே இருந்ததில்லை.