முதல் பெட்டைக்குட்டி

சும்மா ஆடு கொடுக்கிறார்கள் என்று மருமகள் சொன்னபோது, யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு தொண்டு நிறுவனம் என்றாள். அவர்களுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு ஆடு விடுவது உண்டு. ஆடு ஒருவருடையது, மேய்ப்பது இன்னொருவர், குட்டிகளில் ஆளுக்குப் பாதி. ஆட்டுக்காரர் காரிமங்கலம் சந்தைக்குப் போகிற வழியில் வந்து தலைகளை எண்ணிவிட்டுப் போவார். இதுவும் வாரம்தான், எண்ணுகிறவர் பின்னால் வருவார் என்று முடிவு கட்டினேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத யாரையும் கண்டதில்லை.

நிபந்தனை இருக்கத்தான் செய்தது. மகளிர் குழுவில் இருபது பேர். பத்துப் பேருக்கு ஆடு, அதில் மருமகளும் ஒருத்தி. ஒவ்வொரு ஆடும் போடும் முதல் பெட்டைக்குட்டியை, பால் மறந்ததும், மீதிப் பத்துப் பேரில் ஒருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு வாய்த்தவள் எதிர்வீட்டுக்காரி. புருஷன் இல்லாதவள், நூறு நாள் வேலைக்குப் போய் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். அந்த ஒரு குட்டியிலிருந்து ஒரு பட்டியே கட்டிவிடலாம் என்று நம்பியிருந்தாள். ஆடு சினையானதிலிருந்து தினமும் வந்து வயிற்றைப் பார்த்தாள்.

முதல் ஈற்றில் இரண்டும் கிடா. விடிந்ததும் வந்து இரண்டின் வாலையும் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னொண்ணு எங்க கண்ணு?”

“ரெண்டுதாங்க்கா போட்டுச்சு,” என்றாள் மருமகள்.

“வயிறு இருந்த இருப்புக்கு மூணு இருக்கணுமே. உங்கம்மா வூடு கடத்தூர்தானே? பஸ்ஸு நெறைய போவுது.” என் பக்கம் திரும்பினாள். “பெரியப்பா, நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீங்களே. நீங்க சொல்லுங்க.”

“ரெண்டு.”

“போடறப்ப பக்கத்துல இருந்தீங்களா?”

நான் எழுந்தபோதே குட்டிகள் ஈரம் காய்ந்து நின்றன. அதைச் சொன்னேன்.

“வாரத்துக்கு விட்ட ஆடு எப்பவும் நரிக்குத்தான் குட்டி போடும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். குட்டியை மறைத்துவிட்டு நரிமேல் பழி போட்டவர்களிடம் அவளுடைய அப்பா ஏமாந்திருக்கிறார். அன்று முழுக்க எனக்கும் நிம்மதியில்லை. விடிவதற்குள் கடத்தூருக்கு ஒரு பஸ் இருக்கிறது.

சாயங்காலம் மருமகள் ஒரு கிடாக்குட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். பால் மறந்ததும் இதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

“கெடா வேணாம். இதை வாங்கிட்டா எனக்குக் குடுத்தாச்சுன்னு ஆபீசுல எழுதிக்குவாங்க. பொட்டக்குட்டி வரட்டும்.”

எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. இது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சினைக்கு அவளே தினம் தழை ஒடித்துவந்து போட்டாள். ஆட்டின்மேல் அக்கறையா, உள்ளே வந்து பார்க்க ஒரு சாக்கா என்று தெரியவில்லை. ஈனுகிற அன்று நான் நாற்காலியைப் போட்டுப் பட்டியருகே உட்கார்ந்துவிட்டேன். உச்சி வெயிலில் ஒரே ஒரு குட்டி. பெட்டை. எங்களுக்கு இந்த முறை ஒன்றுமில்லை. அவள் ஏரி வேலைக்குப் போயிருந்தாள். பார்த்தது நாங்கள் இருவர் மட்டும். மருமகள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தேன். கையைக்கூடக் கழுவாமல் ஏரிப்பக்கம் நடந்தாள்.

எதிர்வீட்டுக்காரி சேற்றுக் காலோடு வந்தாள். குட்டியைப் பார்த்தாள். வைக்கோலுக்குப் பின்னால் பார்த்தாள். கவிழ்த்திருந்த கூடையையும் தூக்கிப் பார்த்தாள்.

“ஒண்ணுதாம்மா. கூடவே இருந்தேன்,” என்றேன்.

“இருந்தீங்க பெரியப்பா. நடுவுல கண்ணசரலையே?”

குட்டி பால் மறந்ததும் நிறுவனத்திலிருந்து ஜீப்பில் வந்தார்கள். மருமகள் கயிற்றைக் கொடுக்க, எதிர்வீட்டுக்காரி வாங்க, ஒரு பையன் போனில் படம் எடுத்தான்.

“வெயில் முகத்துல அடிக்குது. இன்னொரு தடவை எடுத்துக்கலாம். கயித்தைத் திருப்பி அவங்க கையில குடுங்கக்கா.”

அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

“வாங்கினது வாங்கினதுங்க. திருப்பிக் குடுக்கற வேலையெல்லாம் வேணாம்.”

“ஒரு நிமிஷம்தான்க்கா. சும்மா படத்துக்கு.”

“சும்மாதான் எல்லாம் ஆரம்பிக்கும்,” என்று குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

பையன் என்னைப் பார்த்தான். அவள் செய்ததுதான் சரி என்று சொன்னேன்.