அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையில் ஒரு காபி மெஷின்

ஜெர்மனிக்கு வந்த முதல் மாதம் முழுவதும் ஒரு ரொட்டிக்கடைப் பெண்மணிக்கு நான் தினமும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலை டியூட்டிக்கு மருத்துவமனை போகும் வழியில் அவரிடம் காபி கேட்பேன். அவர் "ஸும் மிட்னேமன்?" என்பார். நல்ல நாளாக இருக்கட்டும் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "உங்களுக்கும் அப்படியே" என்ற பொருளில் வகுப்பில் படித்த "க்ளைஷ்ஃபால்ஸ்" என்ற சொல்லைச் சொல்வேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்ப்பார். பிறகு காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். கையில் கொண்டுபோகவா, இங்கேயே குடிக்கவா என்பதுதான் அந்தக் கேள்வி என்று என்னோடு வேலை பார்க்கும் ஆன்யா சொல்லித்தான் தெரிந்தது.

அன்று மாலை போனில் இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் பெயர் சாமுவேல். நன்னிலத்துக்குப் பக்கத்தில் விவசாயம். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், நடந்துகொண்டே காபி குடிப்பதெல்லாம் ஒரு குடியா, வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கிவிடு, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

என் சமையலறையைச் சமையலறை என்பதே அதிகம். அறையின் ஒரு மூலையில் இரண்டு தட்டு மின்சார அடுப்பு, பக்கத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி, இரண்டுக்கும் நடுவில் நாற்பது சென்டிமீட்டர் மேடை. அதற்கு மேலே தலையில் இடிக்கிற உயரத்தில் ஓர் அலமாரி. இவ்வளவுதான். அவர் அளவு எடுத்து அனுப்பச் சொன்னார். பிறகு தினமும் நான் டியூட்டி முடித்து வந்ததும் கூப்பிடுவார். அங்கே அப்போது விளக்கு வைக்கும் நேரம். அன்றைக்குப் பார்த்த மெஷின்களைப் பற்றி விளக்குவார்.

எஸ்பிரஸோவை அவர் வாயில் வைத்ததுகூட இல்லை. ஆனால் பம்பு என்றால் அவருக்குத் தெரியும். "ஒம்பது பார்னா என்னன்னு நினைக்கிற? தொண்ணூறு மீட்டர் ஆழத்துலேர்ந்து தண்ணி தூக்குற அழுத்தம். நம்ம போர் மோட்டாருக்கே அவ்வளவு தெம்பு கிடையாது" என்றார். பெட்டியில் பதினைந்து பார் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதே, தூளில் இறங்கும்போது ஒன்பது இருந்தால் போதும் என்றார். குப்பி போட்டு அழுத்துகிற மெஷின் வேண்டாம், அது மாத்திரை விழுங்குகிற மாதிரி. கொட்டையை அரைத்துக் காபியாகவே கொடுக்கிற பெரிய மெஷினும் வேண்டாம், அதன் தண்ணீர்த் தொட்டியை மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும், உன் அலமாரி இடிக்கும். இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்று நான் சொன்னதும், நம் ஊரில் கோடையில் போர்த் தண்ணீர் உப்பாகிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே கதைதான், மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்புப் போட்டுக் கழுவு என்றார். ஒவ்வொரு மெஷினின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டி மேடையில் விரித்துப் பார்க்கச் சொன்னார். நாற்றங்காலுக்கு இடம் குறிப்பதுபோல நானும் வெட்டி விரித்துப் படம் எடுத்து அனுப்பினேன். கடைசியில் பதினைந்து சென்டிமீட்டர் அகலத்தில், கைப்பிடி வைத்த ஒரு மெஷினுக்கு வந்து சேர்ந்தோம். அதையும் உடனே வாங்கச் சொல்லவில்லை. இன்னும் ஒன்று பார்க்கலாம் என்பார். எனக்கும் அவசரமில்லை. சண்டை வராமல் எங்களுக்குப் பேச அப்போது மிஞ்சியிருந்த ஒரே விஷயம் அதுதான்.

சண்டை எல்லாம் ஒரு பரீட்சையைப் பற்றி. அவர் இங்கே வந்து சேர ஜெர்மன் மொழியில் முதல் நிலைத் தேர்வு எழுத வேண்டும். திருமணமாகி ஆறு வருடம் கழித்து, இருவரும் சேர்ந்து எடுத்த முடிவுதான் இது. நான் தஞ்சாவூரில் நர்ஸாக இருந்துகொண்டே மொழி படித்து முன்னால் வந்துவிட்டேன். அவர் பின்னால் வருவதாக ஏற்பாடு. முதல் தடவை சென்னைக்குப் போய் எழுதினார், தேறவில்லை. இரண்டாம் தடவையும் நாலைந்து மார்க்கில் போய்விட்டது என்றார். ஒழுங்காகப் படிக்கவில்லை என்று நான் கத்தினேன். ஆரம்பத்தில், "நான் வந்ததும் பால் நுரையை நானே அடிச்சுத் தரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பிறகு எப்போதோ "உனக்கு இது சரியா இருக்கும்" என்று மாறிவிட்டார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மாசி மாதம் அவருடைய அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் இருப்பவர். சம்பா அறுவடை எப்படி என்று கேட்டதற்கு, இந்த வருஷம் அறுப்பு மெஷின் கிடைக்கவே பெரும்பாடு, தை மாதம் கடைசிச் சனிக்கிழமைதான் வந்தது, தம்பி காலையிலிருந்து பொழுது சாயும் வரை வயலைவிட்டு நகரவில்லை என்றார். அந்தச் சனிக்கிழமைதான் இரண்டாவது பரீட்சை.

மறுநாள் அவர் கூப்பிட்டதும் கேட்டேன்.

"பரீட்சைக்குப் போகவே இல்லையா நீங்க?"

அங்கே வீட்டுக்குப் பின்னால் மாடு கத்துவது கேட்டது.

"போயிருந்தா பாஸாயிருப்பேன் எஸ்தர்."

"அப்புறம் ஏன் போகல?"

"பாஸாயிட்டா வரணும்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருடைய தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர். அதே வயலில் இரண்டு ஏக்கரை அப்பா கிரயம் வாங்கினார். பட்டா சாமுவேல் பெயருக்கு மாறிய அன்று தாலுகா ஆபீஸ் வாசலில் அவர் நின்ற நிலை எனக்குத் தெரியும். அந்தத் தாளை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அதைப் பூட்டி வைத்துவிட்டு ஒரு குளிர்ப் பிரதேசத்தில் நாற்பது சென்டிமீட்டர் மேடைக்கு முன்னால் வந்து நில்லுங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

திரும்பி வா என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. தஞ்சாவூரில் பத்து வருடம் வேலை பார்த்த இடத்தில் டாக்டர்கள் என் பெயரைக் கேட்டதில்லை. இங்கே ஒரு கிழவர் மூச்சுத் திணறியபோது, என்ன செய்யலாம் என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. இதை அவரிடம் நான் சொன்னதில்லை. அவர் பரீட்சையை மறைத்தார். நான் இதை மறைத்தேன்.

மூன்று வாரம் நலம் விசாரிப்பதோடு பேச்சை முடித்துக்கொண்டோம். அதன்பின் ஒருநாள் அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "மெஷின் வாங்கிட்டியா?" அன்றே போய் வாங்கினேன். அவர் தேர்ந்தெடுத்ததையே. மேடையில் வைத்து அவரைக் கூப்பிட்டேன். தூளை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று சொன்னார். ஓடவிட்டதும் போனைப் பக்கத்தில் கொண்டுபோகச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டார். "அதிருது. அடியில துணிய நாலா மடிச்சு வை" என்றார். வைத்தேன். சத்தம் குறைந்தது. காபி எப்படி என்று கேட்டார். கசந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். நான் குடித்து முடிக்கும் வரை அவர் போனை வைக்கவில்லை.

இப்போது வேறொரு சிக்கல். விசா புதுப்பிக்கப் போன இடத்தில், படிவம் நிரப்பிய பெண் அதிகாரி திருமணமானவரா என்று கேட்டார். ஆம் என்றேன். "கெட்ரென்ட் லேபென்ட்?" என்றார். பிரிந்து வாழ்கிறீர்களா. அவர் அங்கே, நான் இங்கே, இதில் சந்தேகம் என்ன? ஆம் என்றேன். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதிக் கேள்விகளை மிகவும் அன்பாகக் கேட்டார். வீட்டுக்கு வந்த கடிதத்தை ஆன்யாவிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, மணமுறிவை நோக்கிப் பிரிந்துவிட்டவர்களுக்கான சொல் அது. நேரில் போய்த் திருத்திக்கொள் என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். "என் கணவர் அங்கே இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன், ஆனால் நாங்கள் பிரிந்து வாழவில்லை." இலக்கணம் சரியாக இருக்கிறது என்றாள்.

போன வாரம் அந்த அலுவலகத்தின் தாழ்வாரத்தில் வரிசை எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாமுவேல் கூப்பிட்டார். வீடியோ. வாய்க்காலில் இந்த வருடத்துத் தண்ணீர் வந்துவிட்டது. மேட்டூரில் திறந்தது கடைமடைக்கு வந்து சேர இவ்வளவு நாள். சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, காய்ந்த மண்ணின் வெடிப்புகளுக்குள் நின்று நின்று இறங்கி, மெதுவாக வந்துகொண்டிருந்தது. அவர் போனைக் கீழே தாழ்த்திப் பிடித்திருந்தார். தண்ணீர் அவருடைய பாதத்தைத் தொட இன்னும் ஒரு முழம் இருந்தது.

சுவரிலிருந்த திரையில் என் எண் வந்தது. அதே அதிகாரி கதவைத் திறந்து என் பெயரைச் சொன்னார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றேன், அதிகாரியைப் பார்த்து, தமிழில்.

அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, கதவைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.