சாமைப் பைக்கு ஒரு படம்

எனக்குச் சந்தேகக் குணம் கொஞ்சம் அதிகம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தால் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொள்வேன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். இந்தக் குணத்தால் ஒரு மனிதரின் வேலைக்கே வேட்டு வைப்பேன் என்று அப்போது தெரியாது.

ஜமுனாமரத்தூரில் ஒரு விவசாயிகள் குழுவுக்குப் பைகளும் லேபிள்களும் வடிவமைக்கிறோம். சாமை, தேன், புளி எல்லாம் பார்க்க லட்சணமாக மலையிலிருந்து இறங்க வேண்டும் என்று ஏற்பாடு. மாடியில் இரண்டு அறை, மூன்று பேர். தலைமை மேடம், வெளியூரிலிருந்து வந்து இங்கேயே தங்கியிருக்கிறார். படம் வரைவது நான். கண்ணமங்கலத்திலிருந்து தினமும் மலை பஸ்ஸில் வருகிறேன். எழுத்துகளை அடுக்கிப் பக்கத்தை அமைப்பவர் இந்த மலைக்காரர். முப்பது வயது இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் டிசைன் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரிலேயே பிழைக்கலாம் என்று மனைவி, குழந்தையோடு திரும்பி வந்தவர். அவருக்கு மூன்று மாத ஒப்பந்தம்தான். மேடம் நீட்டித்தால் உண்டு, இல்லையென்றால் மறுபடியும் திருப்பூர்.

குழு என்றால் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது மேடத்தின் பிடிவாதம். தினமும் பத்து மணிக்கு மூவரும் நின்றபடியே பேசுவோம். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப் போகிறோம், எங்கே இடிக்கிறது. உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடுமாம். எங்கள் விஷயத்தில் அந்தப் பயமே வேண்டியதில்லை. நான் இரண்டு வரி சொல்வேன், அவர் தலையாட்டுவார், ஐந்து நிமிடத்தில் அவரவர் கம்ப்யூட்டருக்குப் போய்விடுவோம். கூட்டம் நன்றாக நடந்ததில் மேடத்துக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

சாமைப் பைக்கு நான் கதிர் வரைந்து முடித்த அன்று, அவர் அதைக் கையில் எடுத்து ஏதோ சொல்ல வந்தார். "நீங்க எழுத்தப் பாருங்க, படத்த நான் பாத்துக்கறேன்" என்றேன். மேடமும் அங்கேதான் இருந்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தாளை வைத்துவிட்டார்.

அந்த வாரம்தான் எனக்கு மூக்கு வியர்க்கத் தொடங்கியது. சாமைப் பையின் பிரிண்டுகளில் இரண்டைக் காணோம். கேட்டதற்கு, "நான்தாங்க எடுத்தேன், ஒரு வேலை இருக்குது" என்றார். என்ன வேலை என்று சொல்லவில்லை. சந்தை நாளில் பதினொரு மணிக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம் ஆள் இருப்பதில்லை. ஒரு நாள் அவர் இல்லாதபோது ஸ்டேப்ளர் தேடி அவருடைய டிராயரைத் திறந்தேன். உள்ளே ஏழெட்டுத் தாள்களில் பென்சிலால் என் பை வரையப்பட்டிருந்தது. அதே அளவு, அதே அமைப்பு. கதிர் மட்டும் தாளுக்குத் தாள் மாறியிருந்தது. திருடியது தெரியாமலிருக்க மாற்றியிருக்கிறார் என்று உடனே முடிவு கட்டினேன். ஸ்டேப்ளர் தேடித்தான் திறந்தேன் என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஸ்டேப்ளர் என் மேசையிலேயேதான் இருந்தது.

சந்தையில் சாமையைப் பொட்டலம் போட்டு விற்கும் வியாபாரி ஒருவர் உண்டு. அவருக்குத்தான் என் படம் போகிறது என்று தோன்றியது. மலை இறங்கும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு எனக்கு ஒரு சாட்சி கிடைத்தது. போன் வந்தால் இந்த மனிதர் ஏன் வெளியே போய்ப் பேசுகிறார்? என்னைக் கண்டதும் ஏன் தாளைக் கவிழ்த்து வைத்தார்? அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவார் என்று, மேடத்திடம் தனியாகப் போய்ச் சொன்னேன். டிராயரைப் பார்க்கச் சொன்னேன். மேடம் பார்த்தார். மேடமும் அவரைக் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த சந்தை நாளன்று பத்து மணிக் கூட்டம் முடிந்ததும் மேடம் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல், டிராயரிலிருந்த தாள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். தடயத்தை ஒழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பின்னாலேயே போனேன்.

அந்த வியாபாரியின் கடையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புளி விற்கும் பெண்கள் வரிசையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாள்களைச் சாக்கின் மேல் பரப்பினார். நான் வெங்காயக் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்று வெங்காயம் பொறுக்குவதுபோல் பாவனை செய்தேன்.

பென்சில் தாள்களுக்கு நடுவே இருந்த என் பிரிண்டை ஒரு பெண் கையில் எடுத்தார். "இன்னாபா, சாமைப் பைன்ற, தினைக் கதிரு கீது?"

பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. தினைக் கதிர் நரிவால் மாதிரி அடர்த்தியாக இருக்கும். சாமைக் கதிர் கிளை கிளையாகப் பிரிந்து தொங்கும். நெல்லும் வேர்க்கடலையும் பார்த்து வளர்ந்த நான், இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு படத்தைப் பார்த்து வரைந்திருந்தேன். இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தியாசம் எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

"அதுக்குதான்க்கா மறுபடி வந்தேன். இதுல எது சரியா கீதுன்னு பாருங்க" என்று அவர் பென்சில் தாள்களை நீட்டினார்.

"இது தேவல. போன வாரம் காட்னதுல மணி பெருசா இருந்திச்சி." அந்தப் பெண் மறுபடி என் பிரிண்டைப் பார்த்தார். "எந்த மவராசன் வரைஞ்சது இத?"

"நாங்கதான்க்கா வரைஞ்சோம்" என்றார் அவர்.

வெங்காயத்தைப் போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் எழுந்துகொண்டார்.

"மேடம் மாசக் கடைசியோட நின்னுக்கச் சொல்லிட்டாங்க. காரணம் கேட்டேன், டீம்ல ஒத்துப்போகலன்னாங்க. பை அச்சுக்குப் போய்ட்டா அப்பறம் மாத்த முடியாது. அதான் இன்னிக்கே கேட்டுட்டு போலாம்னு வந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேனே. படத்த நீங்க பாத்துக்கறேன்னீங்க. சரியா ஒண்ணு வரைஞ்சி, நாலு பேருகிட்ட கேட்டுட்டு காட்னா கோச்சிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அவரையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். திருடுகிறார் என்று மேடத்திடம் சொன்னது நான்தான், அது பொய் என்று அவர் முன்னாலேயே சொன்னேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. மேடம் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஒப்பந்தத்தை நீட்டிப்பதாகச் சொன்னார். நானும் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். அதுவரை யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாது. "திருடன்னா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "இருக்கறேங்க மேடம். புள்ளைய இங்க பால்வாடில சேத்துட்டேன்" என்றார்.

மறுநாள் சாமைக் கதிரைப் புதிதாக வரைந்து அவர் மேசைக்குக் கொண்டுபோனேன். எங்கே தப்பு என்று கேட்டேன். காம்பு வளைகிற இடத்தைக் காட்டினார், திருத்தினேன். "இப்ப சரியா இருக்குதுங்க" என்றார். எனக்கு மனசு லேசானது. நான் திரும்பி நடந்தபோது கூப்பிட்டார்.

"இது இன்னிக்கு நீங்க குடுத்ததுன்னு தேதி போட்டு ஒரு கையெழுத்து போட்டுட்டு போங்க. எதுக்கும் இருக்கட்டும்."

போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து கையெழுத்து இல்லாமல் என்னிடமிருந்து ஒரு தாளையும் அவர் வாங்குவதில்லை.